பிளக்கில் 12 வோல்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை: பழுது பம்பில்தானா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார், 90,000 கிலோமீட்டர் ஓடியது. நடுப்பகல் வெயிலில், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழற்றுகிறது. என்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. மெக்கானிக் ஃப்யூயல் பம்பை மாற்றினார். மூன்று வாரம் ஓடியது. பிறகு இன்னொரு பம்ப், கூடவே அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே. இம்முறை ஒரு மாதம். இப்போது எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்து, பம்ப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறது, வயரிங்கில் குறையில்லை, போட்ட பம்ப்தான் மட்டம் என்கிறார். இன்னொருவர் இ.சி.யு., அதாவது என்ஜினை ஆளும் கணினி, போய்விட்டது என்கிறார். மூன்றாவது பம்ப் வாங்குவதா, இ.சி.யு.வைக் கழற்றி அனுப்புவதா என்று கேட்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் திருட்டு அலாரம் பொருத்தியிருந்தார் என்பதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: பிளக்கில் 12 வோல்ட் காட்டினால் வயரிங் சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. உங்கள் காரைப் பற்றி இங்கிருந்து என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். கோவையில் டைனமோ கட்டும் பட்டறை ஒன்றில் தொழில் பழகி, 26 ஆண்டுகளாகக் கார் மின்வேலை பார்க்கிறேன். இருந்தாலும் தொட்டுப் பார்க்காத காருக்கு இன்ன இடத்தில்தான் பழுது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எது நிச்சயம், எது பெரும்பாலும் இருக்கலாம், எது வெறும் ஊகம் என்று பிரித்து வைக்கிறேன். தேடும் வேலை உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனுடையது.

மின்சாரம் போகும் பாதையை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கார்பரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. பம்ப் என்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டு, கேம் தண்டு தட்டத் தட்டப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். 0.25 பார் அழுத்தம் போதும் (பார் என்பது அழுத்த அலகு), ஒரு வயரும் வேண்டாம். புகை விதிகள் இறுகிய 2000ஆம் ஆண்டை ஒட்டி நம் ஊர்ச் சிறிய கார்களும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறைக்கு, மாறின. பம்ப் டேங்குக்குள் போய்விட்டது. இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும். அதற்காகச் சிறிய கார்களில் அந்த மோட்டார் 4 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால், உள்ளே தொடுமுனை மூடி 87 என்று எண் போட்ட கால், பிறகு கதவோரம் தரை விரிப்புக்கு அடியில் நீண்ட வயர், பின் இருக்கைக்குக் கீழே பிளக், பம்ப், திரும்பவும் பிளக், உடலில் முடுக்கிய எர்த் போல்ட், கார் உடல், பேட்டரியின் நெகட்டிவ். இந்தச் சுற்றில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொட்டபடி நிற்கிறது. அதில் ஒன்று தளர்ந்தாலும் பம்புக்குப் பட்டினிதான்.

இது பெரிய மின்னோட்டம் ஓடும் பாதை. ரிலேயின் 85, 86 கால்களுக்கு இடையே உள்ள சுருளில் ஓடுவது 0.15 ஆம்பியர் அளவிலான சின்ன ஓட்டம். அதைத்தான் இ.சி.யு. திறந்து மூடுகிறது. சாவியை ஆன் செய்ததும் இரண்டு மூன்று விநாடி மட்டும் ரிலேயை இழுத்துப் பிடிக்கும். குழாயில் அழுத்தம் ஏறட்டும் என்று. அதன்பின் கிராங்க் சென்சாரிலிருந்து 'என்ஜின் சுழல்கிறது' என்ற தகவல் வந்தால்தான் மறுபடி பிடிக்கும். தகவல் நின்றால் விட்டுவிடும். விபத்தில் குழாய் அறுந்து, என்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. சில பழைய ஃபோர்டு, ஃபியட் கார்களில் இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு: மோதினால் தானே தெறித்துத் திறந்துகொள்ளும் இனர்ஷியா சுவிட்ச். பெரிய பள்ளத்தில் இறங்கியதிலேயே அது தெறித்து, பொத்தானை அமுக்கத் தெரியாமல் வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கார் நின்றதும் முதல் வேலை காது கொடுப்பது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசி விசிறியை அணைத்துவிட்டு, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்ற முனகல் வர வேண்டும். அது வழக்கமான குரலில் வந்து, பிறகு ஸ்டார்ட்டர் சுழற்றும்போது என்ஜின் பிடிக்கவில்லை என்றால் என் சந்தேகம் கிராங்க் சென்சார் பக்கம் திரும்பும். ஏனென்றால், சென்சாரின் உள்சுருள் சூட்டில் விட்டுப்போய்க் குளிர்ந்ததும் சேர்ந்துகொள்வது நன்கு அறியப்பட்ட பழுது. அதன் அறிகுறியும் நீங்கள் எழுதியதேதான். இ.சி.யு.வின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு என்று பாருங்கள். 150, 200, 250 என்று ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் பம்பை மறந்துவிடலாம். முனகலே வரவில்லை, அல்லது நோயாளிபோல் ஈனமாக வருகிறது என்றால் பம்பின் மின்சுற்றுக்கு வர வேண்டும். உங்கள் மெக்கானிக் இரண்டு முறையும் இதைக் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவரிடம் வண்டி வந்து சேரும்போது அது நன்றாக ஓடிக்கொண்டுதானே இருந்திருக்கும்.

இப்போது அந்த 12 வோல்ட். கிணற்றில் வெறும் கயிற்றை விட்டு இழுத்தால் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று தெரியாது. குடம் நிறைந்து ஏறும்போதுதான் தெரியும். எலக்ட்ரீஷியன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் வாயில் மீட்டர் ஊசியை வைத்திருப்பார். பம்ப் இல்லாத பிளக்கில் மின்னோட்டம் எங்கே ஓடுகிறது? நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அதன் வழியே போவது மைக்ரோஆம்பியர் கணக்கு. வழியில் ஓரிடத்தில் துருப்பிடித்து 10,000 ஓம் தடை உட்கார்ந்திருந்தால்கூட, 12 வோல்ட் பேட்டரிக்கு மீட்டர் 11.99 என்றே காட்டும். அந்தப் பாதையில் பம்ப் அல்ல, ஒரு சின்ன பல்புகூட எரியாது. தடை அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதுகூட இல்லை. ஓர் இணைப்பில் வெறும் அரை ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது 2.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் பம்புக்கு எஞ்சுவது ஒன்பதரைதான். அதோடு அந்த இணைப்பின் சிறு தகட்டில் 12.5 வாட் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது. சூட்டில் தகட்டின் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். வெளியில் வெயிலும் சேர்ந்துகொண்டால் நண்பகலில் நின்று நிழலில் கிளம்பும் கார் தயார்.

அப்படியானால் பம்ப் மாற்றியதும் மூன்று வாரம் ஏன் ஓடியது என்று கேட்பீர்கள். பம்ப் மாற்றுவதற்குப் பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகியாக வேண்டும். செருகும்போது பிளக்கின் தகடும் பம்பின் ஊசியும் ஒன்றையொன்று உரசி, கருத்த படலம் கொஞ்சம் விலகிப் பளபளப்பான உலோகம் தொடும். புதிய பம்பின் ஊசிகளும் சுத்தமாக இருக்கும். ஆனால் காரின் பக்கம் உள்ள பிளக் பழையதுதான், அதன் தளர்ந்த ஸ்பிரிங்கும் பழையதுதான். இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழித்துப் பழைய கதை திரும்பும். உங்கள் கணக்கு இதோடு பொருந்துகிறது. இது நிரூபணம் ஆகாது, ஆனால் என் பார்வையில் முதல் சந்தேகம் இதுதான். இன்னொன்றையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: மாற்றியது மூடியோடு சேர்ந்த முழு அசெம்பிளியா, மோட்டார் மட்டுமா? செலவைக் குறைக்க மோட்டாரை மட்டும் வாங்கிப் பழைய கூட்டில் செருகுவது வழக்கம். அப்போது டேங்க் மூடிக்கு உள்பக்கம், மூடியிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒரு சாண் வயரும் அதன் இருமுனைகளும் பழையதாகவே தங்கிவிடும். மூடியின் உள் ஊசி கருகியிருந்தால் பத்துப் பம்ப் மாற்றினாலும் பலன் இல்லை.

போன சித்திரையில் ஒரு டாக்ஸி இதே புகாரோடு என்னிடம் வந்தது. வேறிடத்தில் இரண்டு பம்ப் மாற்றியிருந்தார்கள். ஓட்டுநர் பழைய பம்ப் இரண்டையும் டிக்கியில் பையில் கட்டி வைத்திருந்தார், சாட்சிக்கு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். பிளக்கைக் கழற்றாமல், அதன் முதுகுப் பக்கம் வயரோடு ஒட்டி மெல்லிய ஊசியை நுழைத்துப் பார்த்தால் 13.6. குறையே இல்லை. ஆனால் வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினால், நாலரை ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைக்குக் கீழே தள்ளாடியது. வோல்ட் இருக்கிறது, ஓட்டம் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டுப் பிளக்கை இழுத்தேன். நான்கு ஊசிகளில் ஒன்று மட்டும் விட மறுத்தது. வெளியே வந்தபோது அந்த ஓர் ஓட்டையைச் சுற்றி வெள்ளை நைலான் வெல்லப்பாகு நிறத்தில் உருகியிருந்தது. பழைய பம்பு ஒன்றின் ஊசியை எடுத்து அந்தத் தகட்டில் செருகித் தலைகீழாகப் பிடித்தேன். தானாகவே நழுவி விழுந்தது. பக்கத்து ஓட்டையில் செருகினால் இழுக்கக் குறடு வேண்டியிருந்தது. ஃப்யூஸ் வைத்த ஒரு வயரால் பம்பின் ஊசிக்கே நேராக மின்சாரம் கொடுத்ததும் அதன் குரல் நிமிர்ந்தது. ஓட்டுநர் டிக்கியைத் திறந்து அந்தப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வயரின் பக்கம் வோல்ட்டை அளக்கிற எந்தச் சோதனையும், தகடும் ஊசியும் சேரும் அந்த ஒரு புள்ளியைப் பார்க்காமல் விட்டுவிடும். மற்ற இடங்களுக்கெல்லாம் வோல்ட் இழப்புச் சோதனை போதும். செய்முறை எளிது. என்ஜின் ஓடும்போது, அல்லது ரிலேயைத் தாண்டிப் பம்பை ஓடவிட்டு, மீட்டரின் ஓர் ஊசியைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதைப் பிளக்கின் முதுகில் பாசிட்டிவ் வயரிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றைத் தாண்டினால் எங்கேயோ தடை இருக்கிறது. அதேபோல் பம்பின் நெகட்டிவ் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே. இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிகம் காட்டினால் பாதையைப் பாதி பாதியாகப் பிரித்து அளந்து தேடுங்கள்: ஃப்யூஸுக்கு முன்னும் பின்னும், ரிலேயின் 30க்கும் 87க்கும் இடையே, பிறகு அங்கிருந்து பிளக் வரை. நாலைந்து அளவில் இடம் தெரிந்துவிடும்.

பம்ப் கழன்றிருக்கும் நேரத்தில் வயரைச் சோதிக்க என்னிடம் இருப்பது ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பு. அதன் 55 வாட் இழை ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். பம்பின் பசியும் அவ்வளவுதான். பிளக்கின் இரண்டு தடித்த வயர்களுக்கு அதை மாட்டி, ரிலேயை இணைத்தால், ஆரோக்கியமான வயரில் பல்பு கண்ணைக் கூசும். மஞ்சளாக அழுதால் வழியில் தடை. விலை உயர்ந்த எந்தக் கருவியும் இதைவிட நேர்மையாகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: அதே பல்பையோ சாதாரண டெஸ்ட் லேம்ப்பையோ இ.சி.யு.விலிருந்து வரும் மெல்லிய வயர்களில் மாட்டிப் பார்க்காதீர்கள். 0.15 ஆம்பியர் சுமக்கப் பிறந்த டிரான்சிஸ்டர் அந்தச் சுமையில் கருகும். நிஜமாகவே இ.சி.யு. பழுதாகும் கார்களில் ஒரு பங்கு இப்படிச் சோதித்தே பழுதானவை என்பது என் அனுபவம்.

எர்த் பக்கத்தை நம் ஆட்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. பிளக்கில் வரும் மின்சாரம் மட்டும்தான் அவர்களுக்கு மின்சாரம். திரும்பிப் போகிற வழி கணக்கில் வராது. பின் இருக்கைக்குக் கீழோ டிக்கியின் பக்கவாட்டிலோ உள்ள எர்த் போல்ட், வெள்ளத்தில் நின்ற கார்களிலும் கடலோரக் கார்களிலும் அடியில் பச்சைப் பூத்திருக்கும். இதற்கு ஒரு சின்ன அடையாளம் உண்டு. பல கார்களில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக்கும் பம்புக்கும் எர்த் ஒன்றே. பம்ப் ஓடத் தொடங்கும்போது டேஷ்போர்டில் பெட்ரோல் முள் துள்ளினால் அந்த எர்த்தைத்தான் முதலில் சுரண்டுவேன். இரண்டுக்கும் தனித்தனி எர்த் உள்ள கார்களில் இந்த அடையாளம் கிடைக்காது.

ரிலே பற்றி நிறையத் தவறான நம்பிக்கைகள். 'டிக்' சத்தம் கேட்டால் ரிலே நன்றாக இருக்கிறது என்பது அதில் முதலாவது. டிக் என்பது சுருள் இழுத்ததன் சத்தம்; தொடுமுனை கருகிக் குழிவிழுந்திருந்தாலும் சத்தம் அதேதான். சரியான சோதனை, ரிலேயைக் கழற்றி அதன் சாக்கெட்டில் 30, 87 ஓட்டைகளை 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயரால் இணைப்பது. பம்ப் திடமாக ஓடினால் பழுது ரிலேயிலோ அதை இயக்கும் பக்கத்திலோ இருக்கிறது. அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். விபத்தில் பம்பை நிறுத்தும் காவலை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சூட்டில் மட்டும் விட்டுப்போகும் ரிலேயும் உண்டு. 1990களின் ஒரு ஜப்பானியக் காரில் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ரிலேயின் ஈயப்பற்று வெடித்து, வெயிலில் நின்ற கார் கிளம்பாது. ஜன்னலைத் திறந்துவைத்தால் கிளம்பும். ஈயத்தை உருக்கி விட்டால் தீர்ந்தது. உங்கள் ரிலே புதிது என்பதால் அதைக் கடைசியில் வைக்கலாம். ரிலே உட்காரும் சாக்கெட்டை மட்டும் வைக்க முடியாது. அது பழையது. அதன் தகடுகளும் பம்ப் பிளக்கைப் போலவே தளரும்.

இப்போது அந்தத் திருட்டு அலாரம். வெளியில் பொருத்தும் அலாரங்கள் என்ஜினை முடக்குவதற்கு ஒரு ரிலேயை எங்காவது நடுவில் செருகும். பல பொருத்துநர்களுக்கு எளிதாகக் கைக்கு வருவது பம்ப் வயர்தான். தொழிற்சாலை வயரை வெட்டி, இரு முனைகளையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, ஸ்டீரிங்குக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். பத்துக் கோடை கழிந்தால் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கு தளர்ந்திருக்கும். அலாரம் பெட்டியைக் கழற்றிவிட்டதாக உங்களுக்கு விற்றவர் சொல்லியிருக்கலாம். பெட்டி போயிருக்கும், முறுக்கிய முனைகள் இருக்கும். ஸ்டீரிங்குக்கு அடியில் உள்ள மூடியைக் கழற்றி, காரின் வயரிங்கில் இல்லாத நிறத்தில் ஏதாவது வயர் தொங்குகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். எரிவாயு கிட் பொருத்திக் கழற்றிய கார்களிலும் இதே கதைதான். எலியையும் மறக்கக் கூடாது. எலிக்குப் பின் இருக்கையின் பஞ்சும் அடியில் ஓடும் வயரும் ஒரே வீட்டுப் பொருள்கள். பாதி கடித்த வயரில் நாலைந்து இழை மீந்திருந்தால், மீட்டருக்கு அது முழு வயர்.

பம்பே கெட்டிருக்கும் வாய்ப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்த பம்ப், நின்றபிறகு டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உயிர்பெறும். அப்படி நடந்தால் பெரும்பாலும் பம்ப்தான். ஃபில்ட்டர் அடைத்திருந்தால் மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பும் டிசி கிளாம்பும் உள்ளவரிடம் போனால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம்: மின்னோட்டக் கோடு அலை அலையாக வரும், ஒவ்வொரு திமிலும் கம்யூட்டேட்டரின் (மோட்டார் அச்சில் பிரஷ் உரசும் பாகத்தின்) ஒரு பட்டை. பட்டை எட்டு என்றால் எட்டுத் திமில் ஒரு சுற்று. அதற்கு 10 மில்லிவிநாடி ஆனால் நிமிடத்துக்கு 6,000 சுற்று. ஒரு திமில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளமாக வந்தால் அந்தப் பட்டை போய்விட்டது. வீட்டு வயரிங்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. அது ஏசி மின்னோட்டத்தை மட்டும் படிக்கும். பம்ப் எப்போதும் கால் டேங்குக்குக் கீழேயே ஓடுகிற காரிலும் சீக்கிரம் சாகும், அதைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். புதிய பம்பே தயாரிப்புக் குறையோடு வருவதும் உண்டு: 2020 ஜூலையில் மாருதி சுசுகி பம்புக் கோளாறு சந்தேகத்தில் வேகன் ஆர், பலேனோ கார்கள் 1,34,885ஐத் திரும்ப அழைத்தது. உங்கள் கார் அந்தக் காலத்தது அல்ல. என்றாலும் சேசிஸ் எண்ணை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், செலவில்லாத வேலை.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று உங்களிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் வெயிலில் நின்று நிழலில் அரை மணியில் கிளம்பும் பழக்கத்தை அது விளக்காது. வேப்பர் லாக் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. அம்பாசடர் காலத்தில் ஊட்டி மலை ஏறும்போது பம்பின்மேல் ஈரத் துணி போடுவார்கள். குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிடும், இழுக்கிற பம்ப் தவிக்கும். டேங்குக்குள்ளிருந்து 3 பாரில் தள்ளுகிற அமைப்பில் அது அபூர்வம்.

ஸ்கேனரில் கோளாறு எதுவும் பதியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பி 0230 என்ற பழுதுக் குறியீடு ரிலே சுருள் பக்கத்துப் பழுதைச் சொல்லும். ரிலேக்குப் பிந்தைய பாதைக்கு பி 0231, 0232 உண்டு. ஆனால் அந்தப் பாதையை வேவு பார்க்கும் வயர் இ.சி.யு.வுக்குத் திரும்பிப் போகிற கார்களில்தான் அவை பதியும். பல சிறிய கார்களில் அந்த வயரே இல்லை. பின்னால் பிளக் கருகினாலும் இ.சி.யு.வுக்குச் சேதி எட்டாது. எனவே ஸ்கேனரின் மௌனத்தை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிலே இல்லாமல், தனி மாட்யூல் ஒன்று துடிப்பு முறையில் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்களும் இருக்கின்றன. அவற்றில் மீட்டர் காட்டும் வோல்ட் சராசரிதான், மேலே சொன்ன அளவுகள் பொருந்தாது. உங்கள் ஃப்யூஸ் பெட்டியில் பம்ப் ரிலே இருப்பதால் உங்கள் கார் பெரும்பாலும் அந்த வகை அல்ல. இ.சி.யு.வைப் பொறுத்தவரை, பழுது நேரத்தில் ரிலே சுருளுக்கு ஒரு பக்கம் மின்சாரம் இருந்து, ஸ்கேனரில் ஆர்.பி.எம். வந்து, அப்படியும் ரிலே இழுக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதன் பெயரை எடுக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. பழுது இருக்கும் நிமிடத்தில்தான் அளவெடுக்க முடியும், அந்த நிமிடம் பட்டறையில் வராது. அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பம்ப் பிளக்கின் இரண்டு தடித்த வயர்களிலிருந்தும், மூடிய டேங்குக்கு வெளியே, ஃப்யூஸ் வைத்து ஒரு ஜோடி வயரை முன்னால் டேஷ்போர்டு வரை இழுத்து, இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். டேங்க் மூடியைத் திறந்த நிலையில் அங்கே எந்த மின்சோதனையும் வேண்டாம். காற்றில் ஒன்றரை விழுக்காடு பெட்ரோல் ஆவி போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பல்போடு வெயிலில் ஓட்டுங்கள். கார் நின்றதும் ஓரம் கட்டி, சாவியை ஆன் செய்து பல்பைப் பாருங்கள், பிறகு ஸ்டார்ட்டர் சுழலும்போது பாருங்கள். இரண்டு நேரத்திலும் நன்றாக எரிந்து என்ஜின் பிடிக்கவில்லை என்றால், பழுது பெரும்பாலும் பிளக்கின் ஊசியிலோ அதற்கு அப்பால் பம்பிலோ. முதல் இரண்டு விநாடி எரிந்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது எரியவே இல்லை என்றால் கிராங்க் சென்சார். சாவி ஆனில், ஸ்டார்ட்டர் ஓடாதபோதே மங்கலாக எரிந்தால் வயர், எர்த், அலாரக்காரரின் முறுக்கு. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி வோல்ட்டே சற்று இறங்கும் என்பதால் அப்போது கொஞ்சம் மங்குவது இயல்பு. எரியவே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, அதன் சாக்கெட், அதை இயக்கும் பக்கம்.

பிளக்தான் என்று தெரிந்தால் தகட்டைக் குறடால் நெருக்கிவிட்டு மூடாதீர்கள். சூடுபட்ட ஸ்பிரிங்குக்கு மறுபடி விறைப்பு வராது. வயரோடு வரும் புதிய பிளக்கை வாங்கி, தடித்த இரண்டு வயர்களையும் கருகாத செப்பு தெரியும் இடம்வரை வெட்டி, கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லுங்கள். எதிரே உள்ள ஊசியும் கருத்திருந்தால் மூடியையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அது புதிய தகட்டையும் கெடுக்கும். அதற்கு முன், கார் நின்ற நிமிடத்தில் பல்பு எரிந்ததா, மங்கியதா, அணைந்ததா என்று இங்கே எழுதுங்கள். பம்ப் வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.